முழங்கால் லீவரில் கை வைத்த என் வீட்டுக்காரர்

கோயிலுக்குள் கோபப்படக் கூடாது என்கிறார்கள். செவ்வாய் தவறாமல் விளக்குப் போடுகிற எனக்கு அது தெரியாதா? ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் ஒரு ஃபிட்டரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியவர்கள் இல்லை.

என் வீட்டுக்காரர் பல்லடத்தில் விசைத்தறி ஃபிட்டர். உலகத்தில் எந்தப் பொருளிலும் ஆட்டம் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கட்டில் ஆடினால் முறுக்குவார். கதவுத் தாழ்ப்பாள் ஆடினால் முறுக்குவார். (கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால்கூட மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார். கூடப் போகிற எனக்குத்தான் மானக்கேடு.) அந்த மனிதரின் வலது கை ஒரு நாள் தறியில் மாட்டிக்கொண்டது. விரல்கள் தப்பின, ஆனால் மடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதுகொண்டே வேண்டினேன்: "முருகா, இந்தக் கையத் திருப்பிக் குடுத்துரு. உன் சன்னதியில ஒரு பாட்டு முழுசா வாசிக்கறேன்."

எதில் வாசிப்பது? கோயமுத்தூரில் இருக்கும் என் கொழுந்தனார் வெளிநாட்டிலிருந்து ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் கொண்டுவந்திருந்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான மாடல். ஃப்ளாட்டில் இடமில்லை என்று எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார். மடியில் வைக்கிற கிட்டார் இல்லை இது. இஸ்திரி மேசை போல நாலு கால். மேலே பத்துக் கம்பி, கீழே மிதிக்கப் பெடல், முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கும் லீவர். இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகள் மேல் நகர்த்தியபடி வலது கையால் மீட்ட வேண்டும். லீவரை முழங்காலால் தள்ளினால் ஒரு கம்பியின் சுருதி மட்டும் ஏறும். கேட்டால் நெஞ்சு உருகும். பஜனைப் பாட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன்.

குறுக்கே வந்தது என் முழங்கால். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் பாதி ஆயுளைத் தைத்தே கழித்தவள். அங்கே தையல் மெஷினிலும் வலது முழங்காலுக்கு ஒரு லீவர் உண்டு. ஓரம் தைத்து முடிந்ததும் அதைத் தட்டினால், துணியை அழுத்தும் பாதம் மேலே எழும், துணியை எடுத்துக்கொள்ளலாம். வேலையை நான் விட்டேன், அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பாட்டில் ஓர் அடி முடிந்தால் போதும், முழங்கால் தானாகத் தட்டிவிடும். "முருகா" என்று உருகி நிறுத்துகிற இடத்தில் கிட்டார் "கீய்ங்" என்னும். (பூனை வாலை மிதித்தது போல.)

என் புத்திக்கு எட்டிய வரை ஒரு வழி கண்டுபிடித்தேன். லீவர் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுத்து நிறுத்த ஒரு திருகு இருக்கிறது. லீவர் இழுக்கிற ராடின் முனையில் ஒரு சின்ன நட்டு இருக்கிறது. நட்டைத் தளர்த்தி, லீவர் இன்னும் கொஞ்ச தூரம் போக இடம் விட்டுத் திருகையும் பின்னுக்குத் தள்ளினேன். இப்போது லீவர் முதலில் கொஞ்ச தூரம் சும்மா ஆடும். நன்றாகத் தள்ளினால்தான் சுருதி ஏறும். முழங்கால் அதன் பாட்டுக்குத் தட்டட்டும், கிட்டார் வாயைத் திறக்காது. அந்தச் சரியான ஆட்டத்தைப் பிடிப்பதற்குள் என் இடுப்பு ஒடிந்தது.

இதற்குள் வீட்டுக்காரர் அந்தக் கையால் சோறு பிசைந்தார், சட்டைப் பித்தான் போட்டார். வேண்டுதலை முடிக்கக் கிருத்திகையன்று நாள் குறித்தேன். பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் ராசப்பண்ணன் கிட்டாரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்கம்மணி, இஸ்திரி போடறதுக்குக் கோயில்தான் கெடச்சுதுங்களா?"

"கேட்டுப்போட்டுச் சொல்லுங்கண்ணா" என்றேன். அத்தனை திமிர். பட்டுச்சேலை வேறு. தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் அடி தேனாக ஓடியது. அடி முடிந்தது. முழங்கால் தட்டியது.

"கீஈஈய்ங்!"

இது பழைய பூனைகூட இல்லை. ஏற வேண்டிய இடத்தையும் தாண்டிச் சுருதி எங்கோ எகிறியது. முன்னால் இருந்த குழந்தை வீறிட்டது. இரண்டாம் அடியில் காலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தால் நிற்கிற காலா அது? மூன்றாம் அடியில் "டங்" என்று கம்பி அறுந்தே போனது.

"போதுங்கம்மணி, சாமி எந்திரிச்சுப் போயிருவாரு" என்றார் ராசப்பண்ணன்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தூண் ஓரம் நின்றவர் மேற்கூரையைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"ஏனுங்க, இதுல கை வெச்சீங்களா?"

"ஆட்டமா இருந்துச்சு கண்ணு. காத்தால அந்த நட்ட மட்டும் டைட் பண்ணிப்போட்டேன்."

"உங்கள யாருங்க பண்ணச் சொன்னது?"

"லீவர் அந்த ஆட்டம் ஆடுனா ஒரு தறி ஓடுமா?"

"இது தறிங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இது தறிங்களா? ஊட்டுல ஒரு சாமானத்தையாச்சும் உட்டு வெச்சிருக்கீங்களா நீங்க?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. (எங்கள் பக்கத்தில் கோபம் வந்தாலும் 'ங்க' போகாது. போகாதவரைக்கும் மரியாதை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.)

அந்த மனிதர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கையிலதான் கண்ணு முறுக்குனேன். ஸ்பேனரு நழுவவே இல்ல பாரு!" சிரிக்கிறார்!

விபத்துக்குப் பிறகு அந்தக் கை ஸ்பேனரைப் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. என் கண் நிறைந்துவிட்டது. கோபம் மட்டும் இறங்கவில்லை. முருகா, கையைக் கொடுத்தாய், சரி. பாட்டு முடிகிற வரைக்கும் பொறுத்துக் கொடுத்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

"பாட்டு முழுசா ஆகலீங்களே" என்றார் பூசாரி. "அடுத்த கிருத்திகைக்கு வாங்கம்மா."

அடுத்த கிருத்திகைக்குப் புதுக் கம்பி போட்டு, நட்டைப் பழையபடி தளர்த்தி எடுத்துப் போனேன். வீட்டுக்காரரைச் சன்னதிக்கு எதிரே, என் கண்ணில் படும்படி நிறுத்தினேன். "ரெண்டு கையும் தலைக்கு மேல இருக்கோணுமுங்க. பாட்டு முடியற வரைக்கும் எறக்கப்படாது."

நின்றார். முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் தட்டியது. லீவர் சும்மா ஆடியது. பாட்டு முழுசாக முடிந்தது. (கடைசி அடியை வேண்டுமென்றே திருப்பித் திருப்பி வாசித்தேன். கை வலிக்கட்டும்.) கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், சனமெல்லாம் அவரைச் சுற்றி நிற்கிறது. "பாட்டு முடியற வரைக்கும் தூக்குன கைய எறக்கலீங்களே! என்ன பக்தி, என்ன பக்தி!" ஓர் அம்மா அவர் கையால் திருநீறு வாங்கிக்கொண்டு போனார். வாசித்த என்னைக் கேட்க ஒரு நாதி இல்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் எந்தச் சாமானை நெருங்கினாலும் யாராவது குரல் கொடுப்போம். போன வாரம் மிக்ஸியைப் பார்த்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தார்.

"அப்பா, கும்பிடுங்க!" என்றாள் மகள்.

இரண்டு கையும் தலைக்கு மேலே போயின, ஸ்பேனரோடு.