ஆடிக்குத் தப்பிய ஸ்கூட்டர்

ஆடி பிறக்க நாலு நாள் இருக்கும்போது நான் ஒரு மகா முடிவு எடுத்தேன். என் பெண்டாட்டியை நானே கடத்திக்கொண்டு போய்விடுவது.

சிரிக்காதீர்கள். வைகாசியில்தான் தாலி கட்டியிருந்தேன். ராஜபாளையத்தில் மில் பக்கத்துத் தெருவில் வாடகை வீடு, ஒரு பழைய ஸ்கூட்டர், வெள்ளைத்தாய் என்று ஒரு பெண்டாட்டி. இந்த மூன்றும் சேர்ந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆடி வருகிறதாம். ஆடி வந்தால் பெண்ணைப் பெற்றவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். புதுசாகக் கட்டியவர்கள் ஆடியில் ஒன்றாக இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்து கஷ்டப்படுமாம். எங்கள் ஊரில் என்னவோ மற்ற பதினோரு மாதமும் பனி கொட்டுகிற மாதிரி!

என் மாமனார் வேல்சாமி தேவதானத்தில் இருக்கிறார். ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் சேத்தூர் வழியாக பஸ் ஏறி வருவார். காப்பி குடிப்பார். "அப்ப வாரோம் மாப்ள" என்பார். அவ்வளவுதான், ஒரு மாதம் நான் சுவரோடு பேச வேண்டும். நான் இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவன். சுவருக்குக் காதும் கேட்காது.

என்னை வளர்த்தவர்கள் தாத்தாவும் ஆச்சியும். கதை சொல்லியே வளர்த்தார்கள். அதில் நான் கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று, வீட்டில் ஆள் இல்லையென்றால் பூதமே வந்தாலும் பூட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். இரண்டு, 'ம்' கொட்டுவது. கதை கேட்கிறவன் 'ம்' கொட்டாவிட்டால் தாத்தா கதையை நிறுத்திவிடுவார். அதனால் தூக்கத்தில்கூட 'ம்' கொட்டும் அளவுக்குத் தேர்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஸ்கூட்டர் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெள்ளைத்தாய் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்று மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"சின்னமனூர்ல அக்கா தோட்டத்துல பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாத் தொங்குதாம். அத்தான் ஜாடியில ரசம் ஊறப் போட்டிருக்காராம். நல்லா ஏறியிருக்காம்."

அவளுடைய அக்கா சீனியம்மாளைக் கட்டியிருக்கிற சமுத்திரம் என் சகலை. சின்னமனூர் தாண்டி ஒரு கிராமத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். பக்கத்துத் தோட்டத்து ஞானதுரையிடம் பழத்தை ஊற வைத்து ஒயின் எடுக்கும் வித்தையைக் கற்றவர்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சபதம் பிறந்துவிட்டது. யோசனை முழுக்க முழுக்க என்னுடையது.

"ஏட்டி வெள்ளைத்தாய், புதன்கிழமை நாம டூர் போறோம்."

"எங்க?"

"உங்க அக்கா வீட்டுக்கு. ஸ்கூட்டர்லயே. வழியில கோயில் குளம் எல்லாம் பாத்துக்கிட்டு."

"அம்புட்டுத் தூரமா? இந்த வண்டியிலயா?"

"இந்த வண்டிக்கு என்ன?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. தள்ளுற ஆளுக்குத்தான் பாவம்." கொஞ்சம் நிறுத்தினாள். "வியாழக்கிழமை ஆடி பிறக்குதே?"

"பிறக்கட்டும். வீட்டுல இருந்தாத்தான் ஆடி. ரோட்டுல ஏது ஆடி?"

"எங்கப்பா வந்தா?"

"பூட்டைப் பாப்பாரு."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். "உங்க இஷ்டம். கட்டுனவுக கூப்பிட்டா வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்றாள். எவ்வளவு அடக்கமான பெண்!

புதன்கிழமை விடியக் கிளம்பினோம். வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, ஏழெட்டு உதை விட்டு, அது இருமி, நான் இருமி, ஒருவழியாகப் புகை விட்டது. அவள் மடியில் இரண்டு பெரிய பைகள்.

"ரெண்டு நாளுக்கு எதுக்குட்டி இம்புட்டுச் சேலை?"

"தோட்டம் துரவுன்னு போறோம். அழுக்காகாதா?"

நியாயம்தானே!

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு, கடையில் பால்கோவா. வெள்ளைத்தாய் ஒன்றுக்கு மூன்று பொட்டலம் வாங்கினாள். கிளம்பும்போது தாத்தா சொன்ன கதையை எடுத்துவிட்டேன். இந்தக் கோபுரம் கட்டும்போது கொத்தனார் ஒருத்தன் உச்சியில் தூங்கிப்போய், முழித்துப் பார்த்தால் மேகத்துக்கு மேலே இருந்தானாம்.

பின்னாலிருந்து "ம்" என்றாள்.

கிருஷ்ணன்கோயில் தாண்டியதும் வண்டி நின்றது. பிளக்தான். கழற்றித் துடைக்கத் துணி வேண்டும். அவள் பையில் கையை விட்டேன். என்னுடைய பழைய வேட்டி, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்து வைத்திருந்தது.

"ஐயோ, அதைத் தொடாதீக!"

"கந்தல்தான?"

"வெந்நீர்ல அலசிக் காயப்போட்டது. கரியாக்கிப்புடாதீக."

"கந்தலைக் காப்பாத்தி என்ன பண்ணப்போற?"

"வழியில எதுக்காச்சும் ஆகும். உங்க கைக்குட்டையில துடைங்க."

கைக்குட்டையில் துடைத்தேன். அதுவும் அவள் பூ போட்டுத் தைத்துக் கொடுத்ததுதான். ஒரு பூ கருகிப்போயிற்று.

பேரையூர் வழியாக உசிலம்பட்டி. அங்கே ஒரு பலசரக்குக் கடையில் இறங்கியவள் செத்த நேரத்தில் திரும்பி வந்தாள். பூண்டு, சுக்கு, பெருங்காயம், கருப்பட்டி, ஒரு டின் நல்லெண்ணெய்.

"டூருக்கு வந்து பூண்டு வாங்குற ஆளை இப்பத்தான் பாக்கேன்."

"மலைக்காத்து ஒத்துக்காது."

"யாருக்கு?"

"உடம்புன்னு இருக்கிற எல்லாருக்கும்."

என் மேல் எவ்வளவு அக்கறை என்று உருகிவிட்டேன். இரண்டு தும்மலும் போட்டு வைத்தேன்.

ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது காற்று ஆளைத் தள்ளியது. ராஜபாளையத்தில் கிளம்பும்போது அவள் கை பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னியைப் பிடித்திருந்தது. உசிலம்பட்டியில் என் தோளுக்கு வந்தது. கணவாய்க் காற்றில் இடுப்புக்கு இறங்கிவிட்டது. நான் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினேன். ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"மாடு சிரிக்கிறதுக்குள்ள வேகமாப் போங்க," என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

வீரபாண்டியில் ஆற்றில் கால் நனைத்தோம். அம்மனைக் கும்பிட்டோம். "என்னட்டி வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன். "வண்டி போய்ச் சேரணும்னு," என்றாள். நானும் அதைத்தான் வேண்டியிருந்தேன். இந்நேரம் மாமனார் எங்கள் வீட்டுப் பூட்டின் முன்னால் நிற்பார் என்று நினைத்தபோது கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தலைக்கு மேலே பந்தல், பந்தல் முழுக்கக் கறுத்த கொத்துகள். வாசனையே ஆளைக் கிறங்கடித்தது. சகலை சமுத்திரம் ஓடி வந்து பையை வாங்கினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பந்தலுக்கு அடியில் கயிற்றுக்கட்டில். கட்டிலில் கையில் டம்ளரோடு என் மாமனார்.

பூதம் பூட்டை முகரவே போகவில்லை!

"வாங்க மாப்ள, வாங்க!" டம்ளரை வேட்டி மறைவில் வைத்தார். "நீங்களே கையோட கொண்டாந்து விட்டுட்டீகளே! எனக்கு எம்புட்டுச் சந்தோசம்!"

"மாமா... நீங்க எப்படி இங்க?"

"நல்லாக் கேட்டீக. சீனியம்மாளுக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாளாச்சு. ரெண்டாவது பேறுகாலம் இங்கயே இருக்கட்டும்னு நாங்க ரெண்டு பேரும் வந்துட்டோம். அதனால இந்த வருசம் ஆடிக்கு அழைக்க வர ஆள் இல்ல, நீ மாப்ள வீட்டுலயே இருந்துக்கன்னு பிள்ளைக்குச் சொல்லி விட்டிருந்தேனே. அவ சொல்லலையா?"

நான் திரும்பினேன். என் வேட்டியில் சுற்றிய பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெள்ளைத்தாய் உட்கார்ந்திருந்தாள். மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேனே," என்றாள், நிமிராமல். "சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னேன். 'ம்'னு சொன்னீகளே."

மறுநாள் ஆடி ஒண்ணு. விருந்து போட்டார்கள். சகலை ஜாடியைக் கவிழ்த்துக் கடைசி டம்ளரை எனக்குக் கொடுத்தார். மிச்சம் எல்லாம் மாமனார் பேரன் பிறந்த சந்தோசத்தில் தீர்த்திருந்தார். முதலில் இனித்தது. அப்புறம் புளித்தது. ஆடி மாதத்து மாப்பிள்ளைக்கென்றே ஊறப் போட்டது போல.

கிளம்பும்போது வெள்ளைத்தாய் வண்டி வரைக்கும் வந்தாள்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. என்னை ஏமாத்திட்டல்ல?"

"நீங்க கூட்டியாந்தீக. நான் வந்தேன்."

"அக்காவைப் பாத்துக்கிடப் போகணும்னு நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட்டிருப்பீகளா?"

நான் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தேன்.

"விட்டிருப்பீக. ஆனா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு விட்டிருப்பீக. அந்த மூஞ்சியை நெனச்சா எனக்கு இங்க சோறு இறங்காது." குரல் கொஞ்சம் இறங்கிற்று. "தனியா பஸ்ல வந்திருந்தா இந்த ரோடு எனக்கு வெறும் ரோடுதான. இப்ப ஒரு மாசத்துக்கு நெனச்சுக்கிட்டு இருக்க ஏதோ இருக்கு."

நான் 'ம்' கூடக் கொட்டவில்லை.

"ஆடி முடிஞ்ச அன்னைக்கே வந்துருங்க. கணவாயில மட்டும் மெதுவா வாங்க."

பின் சீட்டில் அவள் இருந்த இடத்தில் ஒரு கூடை திராட்சையைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது அடுத்த வீட்டு ஆவுடையம்மாள் அக்கா தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்.

"வா தம்பி. இந்தா சோறு. ஆடி முடியுற மட்டும் நம்ம வீட்டுலதான் உனக்குச் சாப்பாடு. கத்திரிக்கா ஆகாதாமே? ரசத்துல மிளகு தூக்கலா வேணுமாமே?"

"உங்களுக்கு யாருக்கா சொன்னா?"

"வெள்ளைத்தாய்தான். 'எங்க வீட்டுக்காரவுக புதன்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போறாக, ஒத்தையில திரும்பி வருவாக, பாத்துக்கிடுங்கக்கா'ன்னு போன வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாளே!"

நான் சபதம் போட்டது ஞாயிற்றுக்கிழமை.