இரண்டாவதாக ஓடியவர் யார்

டார்னெய்ட், மெல்பேர்ன்
புதன்கிழமை

அன்பும் மதிப்பும் நிறைந்த குவேக்கர்ஸ் ஹில் மாமாவுக்கு,

மருமகள் மயூரா எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அப்பா, நான், அப்பாவின் இரத்த அழுத்தம் யாவரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தையும் மாமியின் முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல். தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். கடந்த மாதம் மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் நான் கல்லூரி என்று தொடங்கியதும் நீங்கள் "பிள்ளை, லைன் வெட்டுது" என்றீர்கள். உடனே லைன் வெட்டியது. ஒரு சொல்லை மட்டும் கடத்த மறுக்கும் லைன் மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் இடையில் இருக்க முடியுமா என்று கொஞ்ச நாள் யோசித்துவிட்டுத் தபால்தலை வாங்கினேன்.

விஷயம் இதுதான். நீங்களும் அப்பாவும் படித்த திருநீலகண்டர் கல்லூரியின் பழைய மாணவர் சங்க மெல்பேர்ன் கிளை, இந்த வருடம் கல்லூரியின் விளையாட்டுப் பாரம்பரியத்தைக் கொண்டாடுகிறது. ஈட்டி எறிந்தவர்கள், உயரம் பாய்ந்தவர்கள், மரதனில் பாதித் தூரம் ஓடி மீதிக்கு பஸ் ஏறியவர்கள், எல்லாருக்கும் ஒரு நினைவு மலர், ஒரு மேடை, ஒரு மதியச் சாப்பாடு. நான் கூட்டங்களுக்குப் போகிறவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். புத்தகமும் நானுமாக ஒரு மூலையில் இருந்துகொள்வேன். ஆனால் சங்கச் செயலாளர் மகாதேவன் அங்கிள் வீட்டுக்கே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "மயூரா நல்லாத் தமிழ் எழுதுவா எண்டு உம்மட அப்பா சொன்னவர். மலரை நீர்தான் செய்யிறீர்" என்றார். மறுப்பதற்கு மரியாதையான ஒரு வாக்கியத்தை நான் மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தபோதே அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, காரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீரர்கள் எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்பினேன். பெயர், வருடம், போட்டி, மறக்க முடியாத கணம். மலரின் நடுப்பக்கம் 1982ஆம் ஆண்டு அஞ்சலோட்டத்துக்கு. மாவட்டத்தையே வென்ற அணி, சங்கத்தின் மிகப் பெரிய பெருமை என்று எனக்குச் சொல்லப்பட்டது. அஞ்சலோட்டம் என்றால் நான்கு பேர், ஒரு கோல், கைமாறிக் கைமாறி ஓடுவது என்பது வரை எனக்கும் தெரியும். அந்த அணியில் ஓடியதாக வந்த படிவங்கள் ஏழு. மெல்பேர்னில் மட்டும் ஏழு. கனடாவை நான் இன்னும் கேட்கவில்லை. என் வேலை காப்புறுதி நிறுவனமொன்றில் விபத்து அறிக்கைகளைப் படிப்பது. நின்றுகொண்டிருந்த இரண்டு கார்கள் ஒன்றையொன்று மோதிக்கொண்டதாக இரு தரப்பும் கையெழுத்திட்டுத் தரும், நானும் பதறாமல் படிப்பேன். எனவே ஏழு பேர் என்பது என்னைக் கலங்கவைக்கவில்லை. படிவங்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. முதலாவதாக ஓடியவர்கள் இருவர். மூன்றாவதாக ஓடியவர் ஒருவர். கடைசியாக ஓடி நாடாவை அறுத்தவர்கள் நால்வர். இரண்டாவதாக ஓடியவர் ஒருவருமில்லை.

அப்படியானால் கோல் முதலாம் ஆளிடமிருந்து மூன்றாம் ஆளிடம் எப்படிப் போனது? தானாக நடந்து போயிருக்குமா? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது மாமா. வேலைக்குப் போகும் ரயிலில் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தில் நூறு மீற்றர் நீளத்துக்கு ஒரு வெறும் பாதை தெரிகிறது. ஒவ்வொருவர் வீடாகப் போனேன். மூலையில் இருக்கிற நான், ஒரு மாதமாக வீட்டுக்கு வீடு வடை சாப்பிட்டேன். மகாதேவன் அங்கிள்தான் கடைசியாக ஓடியவராம். கோல் கைக்கு வந்தபோது அது வேர்வையில் ஈரமாக இருந்ததாம், ஆரோ "ஓடடா" என்று கத்தியது இன்னும் காதில் கேட்கிறதாம். சொல்லும்போது அவருடைய கண் உண்மையாகவே கலங்கியது. ட்ருகனினாவில் இருக்கும் கேதீஸ்வரன் அங்கிளும் கடைசியாக ஓடியவர்தான். அவருடைய கோலும் ஈரம். நான் மெதுவாக, "அங்கிள், மகாதேவன் அங்கிளும் கடைசி எண்டுதான் சொல்றார்" என்றேன். "உவரோ? உவர் பஸ்ஸைப் பிடிக்கவே ஓடமாட்டார் பிள்ளை" என்றார். ஆதாரம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டதும் வீடு அமைதியாகிவிட்டது. எங்கள் வீடுகளில் ஆதாரம் என்ற சொல்லுக்கு வரும் அமைதி, குடிவரவு அலுவலகத்தில் பழகிய அமைதி. பிறகு அவர் உள்ளே போய் ஒரு பிரதி கொண்டுவந்தார். இடம்பெயர்வுகளில் தப்பிய ஒரே காகிதம், கல்லூரி ஆண்டிதழின் ஒரு பக்கம். அதில் ஒரே வரி: "மாவட்ட மட்ட அஞ்சலோட்டத்தில் எமது அணி சிறப்பாகப் பங்குபற்றியது." பெயர்கள் இல்லை. "சிறப்பாக எண்டு போட்டிருக்குத்தானே, வேற என்ன வேணும்?" என்றார் அங்கிள்.

இனி அப்பாவுக்கு வருகிறேன். ஏழு படிவங்களில் ஒன்று அப்பாவுடையது. பெயர் கதிர்காமநாதன், அஞ்சலோட்டம், கடைசி ஆள். மறக்க முடியாத கணம் என்ற இடத்தில் எல்லாரும் பின்பக்கம் வரை எழுதியிருக்க, அப்பா ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருக்கிறார். ஆனால் அப்பாவின் பக்கம் எனக்கு ஒரு சான்று உண்டு. எதற்காவது காத்து நின்றால் அப்பாவின் வலது கை தானாகப் பின்னால் போகும், உள்ளங்கை விரியும். கடையில் வரிசையில் நிற்கும்போது, குசினியில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது, வைத்தியரின் வாசலில், எங்கும் அப்படித்தான். சின்ன வயதில் அந்தக் கையில் நான் பென்சில் வைத்து விளையாடுவேன். அம்மா சில வேளை அகப்பையை வைப்பார். அப்பா திரும்பிப் பார்க்காமலே பிடித்துக்கொள்வார். நாற்பத்து மூன்று வருடமாக ஒரு கை இப்படி நிற்குமென்றால், அது கடைசியாக ஓடியவரின் கையாகத்தானே இருக்க வேண்டும்?

போன ஞாயிறு செயற்குழு கூடியது. நாடாவை அறுத்தவருக்கு ஒரு கேடயம் என்று தீர்மானம். நால்வரில் யார் என்று கேட்டேன். "அதை மலராசிரியர்தான் ஆராய்ஞ்சு சொல்லோணும், நீர் நடுநிலையான ஆள்" என்றார்கள், நால்வரில் ஒருவரின் மகளைப் பார்த்து. அதோடு விட்டார்களா, அன்று டார்னெய்ட் மைதானத்தில் அந்த அணியே மறுபடி ஓட வேண்டுமாம், முழங்கால்களை முன்னிட்டு ஆளுக்கு ஐம்பது மீற்றர். முதலாம் இடத்துக்கு நாணயம் சுண்டினார்கள். மூன்றாம் இடத்துக்குப் போட்டி இல்லை. இரண்டாம் இடத்துக்கு ஆர் என்று கேட்டதும் எல்லாரும் ஒரேயடியாகக் கைபேசியைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போக வேண்டும். மேடையில் போட்டுக்கொள்ள அப்பாவுக்கு அம்மா புதுச் சேட் வாங்கிவிட்டார். நான் அப்பாவின் பெயரைப் போட்டால் மகளென்று சொல்லுவினம், போடாவிட்டால் அந்தச் சேட்டை நான் எப்படித் தினமும் பார்க்கிறது, சொல்லுங்கோ மாமா.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் அப்பாவின் வகுப்பு. சங்கத்தில் சேராதவர், ஆகவே உண்மையிலேயே நடுநிலை. அப்பா கடைசியாக ஓடினாரா? இரண்டாவதாக ஓடியவர் யார்? ஒரு வரி எழுதினால் போதும்.

மாமிக்கு என் அன்பு. அவர் அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் முடிந்துவிட்டது என்பதைக் குறிப்பாக மட்டும் தெரிவிக்கிறேன். எல்லா நலமும் உங்கள் வீட்டில் தங்கட்டும், லைன் ஒருபோதும் வெட்டாதிருக்கட்டும்.

என்றும் அன்புள்ள மருமகள்,
மயூரா

பி.கு: கடித உறையை ஒட்டுமுன் அம்மாவிடம் விலாசத்தைச் சரிபார்க்கப் போனேன். எதற்குக் கடிதம் என்று கேட்டார், சொன்னேன். வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "இரண்டாவது ஓடினது உன்ர மாமாதான். கோலை விழுத்திப்போட்டார். அண்டைக்கு வந்து கால் கழுவாமல் படுத்தவர், இரண்டு நாள் சாப்பிடேல்லை."

குசினி வாசலில் அப்பா நின்றார். கேட்டுவிட்டார். "அப்ப நீங்கள் வெல்லேல்லையோ?" என்றேன். "வெண்டால் வெண்டதெண்டு எழுதுவினம். தோத்தால்தான் சிறப்பாகப் பங்குபற்றினது" என்றார். "நீங்கள் ஓடேல்லையோ?" "ஓடினனான் எண்டு நான் எங்க சொன்னனான்? கடைசி ஆள் நான் எண்டுதான் எழுதினனான். கோட்டில நிண்டனான். கோல் வரேல்லை."

வென்ற கதையைத் தொடங்கியதும் அப்பாதானாம். இங்கு வந்த புதிதில், முதலாவது ஒன்றுகூடலில், நீங்கள் பக்கத்தில் இருக்க, யாரோ எண்பத்திரண்டில் என்ன நடந்தது என்று கேட்டார்களாம். "வெண்டனாங்கள் எண்டிட்டன். வெண்டதெண்டால் ஒருத்தரும் மேல கேளாயினம். பாத்தவை பத்துப் பேர், பத்தும் பத்து நாட்டில. அவன் என்ர மச்சான், நான் சபையில காட்டிக் குடுக்கேலுமே?" அடுத்த வருடம் நீங்கள் சிட்னிக்கு மாறிவிட்டீர்கள். மற்ற அங்கிள்மார் பொய் சொல்லவில்லையாம். வேறு வருடங்களில் ஓடியவர்களாம், காலப்போக்கில் இந்த வருடத்துக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். "வெற்றிக்கு ஆள் சேரும் பிள்ளை. விழுந்ததுக்குத்தான் ஆள் இல்லை" என்றார். பிறகு, "என்ர பேரை எடுத்துப்போடு, கேடயத்தை மகாதேவனுக்குக் குடு. மச்சான்ர பேரை மட்டும் எங்கயும் போட்டிடாதை."

ஆகவே மேலே நான் கேட்ட எதற்கும் பதில் தேவையில்லை. கேடயம் மகாதேவன் அங்கிளுக்கே போகட்டும். நடுப்பக்கத்தில் ஆண்டிதழின் அந்த ஒரே வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன், அது பொய்யில்லை. கேடயத்தோடு மகாதேவன் அங்கிளை மேடையில் ஏற்றிவிட்டால், ஓட்டப் பட்டியலை எழுதுவது நான்; கடைசி ஆள் அப்பாதான். அதில் இரண்டாம் இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். பென்சிலால். என்னிடம்தான் அந்தத் தாள் இருக்கிறது; வேண்டாமென்றால் அழித்துவிடுவேன், ஒருவருக்கும் தெரியாது. ஐம்பது மீற்றர்தான் மாமா. கோல் இந்த முறை பிளாஸ்டிக். விழுந்தால் பெரிய சத்தம் வராது, விழுந்தால் எடுத்துக்கொண்டு ஓடலாம். நானே விதிகளைப் படித்துப் பார்த்தேன், அன்றைக்கும் எடுத்திருக்கலாம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை பதினொரு மணி. அப்பா கோட்டில் நிற்பார். கை எப்படியும் பின்னால்தான் இருக்கும்.