நாக்கு மகானின் கறுப்புத் துணி

விடிந்தும் விடியாமலே வரிசை தெருமுனை வரை வால் விட்டிருந்தது. இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு டம்ளர் பால். இந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு நாக்கு மகானின் கூடத்தில் இடமில்லை. குழந்தையின் நாக்கில் குந்தியிருக்கும் வெள்ளைப் பேயை மகான் தன் கறுப்புத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தெடுப்பார். பேய் இறங்க வேண்டுமானால் அதற்குப் பால் கொடுக்க வேண்டுமாம். பேயின் சார்பில் மகானே குடித்துவிடுவார். மீந்தது கொல்லை வழியாகப் பக்கத்து டீக்கடைக்குப் போகும். பேய்க்கு டீயும் பிடிக்கும் போல.

சலவைக்காரியும் வரிசையில் நின்றாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் வேகவைத்து எடுப்பது அவள் வேலை. உள்ளங்கைத் தோல் எத்தனை முறை உரிந்ததென்று அவளுக்கே நினைவில்லை. வந்தது தங்கைக்குத் துணையாக. தங்கையின் இரண்டு மாதக் குழந்தைக்கு நாக்கெல்லாம் வெள்ளை; நேற்றிலிருந்து பால் குடிக்க வாய் வைத்ததுமே வீறிடுகிறது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

"டாக்டர்கிட்ட போலாம்டி."

"டாக்டருக்குப் பேயப் பத்தி என்னக்கா தெரியும்?"

"இவருக்கு மட்டும் பேய் என்ன மாமன் மச்சானா?"

முன்னால் ஒரு குழந்தை. கறுப்புத் துணி நாக்கில் போனது, வெள்ளையோடு வந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. அடுத்த குழந்தைக்கு வெள்ளை வரவில்லை. மகான் அழுத்தித் தேய்த்தார். ரத்தம் கசிந்தது.

"அடம்புடிக்கிற பேய்மா. நாளைக்கு ஏழு டம்ளரா கொண்டா."

அதே துணி அடுத்த வாய்க்குள் போனது. சலவைக்காரியின் மூக்கு சுருங்கியது. ஈரத்தோடு மூட்டை கட்டிய விரிப்பின் நாற்றம்.

"ஐயா, இந்தத் துணிய எப்பத் தொவச்சீங்க?"

"தொவச்சா சக்தி போயிடும்மா. ஏழு வருஷமா தண்ணியே படல."

"எச்சி பட்டிருக்கே!"

துணி தங்கையின் குழந்தையை நோக்கி வந்தது. சலவைக்காரி குழந்தையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு சந்தேகம். பேய் இல்லாத நாக்குல தொடச்சா வெள்ள வராதுல்ல?"

"வரவே வராது."

"அப்ப உங்க நாக்க நீட்டுங்க."

மகான் தயங்கினார். பக்தர்கள் விடவில்லை. "நீட்டுங்க மகானே! கண்ணாரப் பாத்துக்கறோம்!"

நாற்பத்தொரு டம்ளர் பால் குடித்த நாக்கு வெளியே வந்தது. தான் வெளுத்த கறுப்புக் கைக்குட்டையால் சலவைக்காரி ஒரு இழுப்பு இழுத்தாள். கெட்டியாக வெள்ளை.

"ஐயோ, மகானையே பேய் புடிச்சிருச்சு!"

"சீக்கிரம் ஒரு டம்ளர் பால் குடுங்கப்பா அவருக்கு!"

"பேயுமில்ல நாயுமில்ல. பால் ஆடை" என்றாள். கைக்குட்டையின் சுத்தமான மூலையால் தங்கை குழந்தையின் நாக்கை மெல்ல ஒற்றினாள். துணி கறுப்பாகவே வந்தது. வெள்ளை அசையவில்லை.

"மேலாப் படிஞ்ச பாலுன்னா வந்துடும். இது வேர் விட்ட பூஞ்சை. ஈரத் துணியில தெனம் பாக்கறேன். ஒரு வாயிலேருந்து இன்னொரு வாய்க்கு இதத்தானய்யா நீ நட்டுட்டு இருக்க!"

ரத்தம் கசிந்த குழந்தையின் தாய் டம்ளரை ஓங்கினாள். மகான் கொல்லை வழியாக ஓட்டமெடுத்தார். டீக்கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்குப் பால் வருமா?"

டாக்டரும் பூஞ்சை என்றார். குழந்தைக்குச் சொட்டு மருந்து, தாயின் மார்புக் காம்புக்குக் களிம்பு. ஒருவரை விட்டுவிட்டால் இன்னொருவருக்குத் திரும்ப ஒட்டுமாம்.

"பால் புட்டி ரப்பரை எப்படி வெக்கிறீங்க?"

"கழுவி, ஈரத்தோட டப்பாவுல மூடி..." என்றாள் தங்கை.

சலவைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். ஊரார் விரிப்பையெல்லாம் வேகவைக்கிறவள் வீட்டில் இந்தக் கூத்து! அன்று முதல் ரப்பர் கொதித்தது, நன்றாக உலர்ந்தது. குழந்தை நனைத்த அரைத்துணி உடனுக்குடன் மாறியது. தொடை இடுக்கில் ஈரம் தங்கினால் அங்கேயும் பூக்குமாம். நாலாம் நாள் குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது.

கூடத்து வாசலில் இன்னும் சிலர் டம்ளரோடு நிற்கிறார்கள். மகானைப் பிடித்த பேய் இறங்க வேண்டுமாம். குழந்தை நாக்கில் பூஞ்சை பூத்தால் மருந்து இருக்கிறது. மூளையில் பூத்தால், அவரவர்தான் எடுத்துக் கொதிக்கவைத்து வெயிலில் போட வேண்டும்.