முதல் தரப் பொதி

வரைபடம் வரைந்தவர்கள் மறந்துபோன ஒரு கடற்கரையில் நாரூர் என்றொரு நாடு இருந்தது. ஆளிச் செடியை ஊறவைத்து, அடித்து, சீவி, பொன்னிற நாராக்கிக் கப்பலேற்றுவதுதான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு.

ஒருமுறை அங்கிருந்து போன பொதியொன்றில் நாருக்கு நடுவே கல் இருந்தது. மன்னர் மனம் நொந்துபோனார். இனி ஒவ்வொரு பொதியையும் சோதகர் பிரித்துப் பார்த்து, தன் பெயர் பொறித்த ஈய முத்திரையை அதில் தொங்கவிட வேண்டும் என்று ஆணையிட்டார். பெயர் வெளியே தெரியும் என்றதும் சோதகர்கள் அனைவருக்கும் ஒரே நாளில் கண்நோய் வந்துவிட்டது. ஆணை திருத்தப்பட்டது. முத்திரையில் மன்னர் முகம் மட்டுமே இருக்கும்; மன்னர் முகத்தைத் தாங்கிய பொதியைப் பிரித்துப் பார்ப்பது அரச நிந்தனை. அன்று முதல் எல்லாப் பொதிகளும் முதல் தரமாயின. ஊரில் கல் விலை ஏறியது.

மருதாயியும் அவள் கணவன் பூவரசனும் நார் ஏற்றிய வண்டியோடு துறைமுக வரிசையில் மூன்று நாள் நின்றார்கள். வெயில் தாளாமல் பூவரசன் பாதி நிரம்பிய கோணிக்குள் புகுந்து தூங்கிவிட்டான். மருதாயி தண்ணீர் மொண்டு வருவதற்குள் சேவகர்கள் வந்து, கோணி வாயைத் தைத்து, ஈயத்தை மாட்டி, கிடங்குக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

"ஐயா, அது நார் இல்லீங்க, என் வீட்டுக்காரரு!" என்று அவள் கிடங்கில் நின்ற பெருமுத்திரையாளர் அகோரமூர்த்தியிடம் ஓடினாள்.

"முதல் தரம் என்று முத்திரை சொல்கிறதே, அம்மா."

"நானும் அதத்தான் சொல்றேன். முதல் தரமான மனுசன். அவுத்து விடுங்க."

"மருதாயி, மூச்சு முட்டுது புள்ள!" என்றது பொதி.

"நார் பேசாது," என்றார் அகோரமூர்த்தி. "எனவே நாம் எதையும் கேட்கவில்லை."

காவலர்கள் பார்த்திருக்க, மருதாயி கோணி இழையை விலக்கி வாழைப்பழத்தைத் திணித்தாள்.

"கப்பல் போற ஊர்ல பொண்ணுங்கல்லாம் நல்லா அழகா இருப்பாங்களாமே?" என்றது பொதி, மென்றுகொண்டே.

"ஆசையப் பாரு! இறங்கினதும் இரும்புச் சீப்பால சீவுவாங்கய்யா, நாரோட நாரா." சிரித்தபடி சொன்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

விடிந்ததும் கப்பல் வந்தது. ஆனால் ஏற்றவில்லை, அந்நியர் திருப்பியனுப்பிய பழைய பொதிகளை இறக்கியது. எல்லாம் கல். மன்னர் கோபம் கொண்டு, அந்நியர் மதிக்காத முதல் தரத்தை நாமே மதிப்போம் என்று அறிவித்தார். கிடங்கிலிருந்த நாற்பது பொதிகள் போட்டியின்றி அரசவை உறுப்பினர்களாயின. பதினேழாம் நாற்காலி பூவரசனுக்கு.

முதல் நாளே, விளையும் நாரில் பாதி அரண்மனைக்கு என்ற சட்டம் வந்தது.

"எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்," என்றார் அகோரமூர்த்தி.

பதினேழாம் நாற்காலி துள்ளியது, குதித்தது, "அநியாயம்!" என்று அலறியது.

"உறுப்பினர் ஆனந்தத்தில் உணர்ச்சிவசப்படுகிறார்," என்று குறித்துக்கொண்டார்கள். சட்டம் நிறைவேறியது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பார்வையாளர் பகுதியிலிருந்த மருதாயி இடுப்பிலிருந்த கத்தரியோடு இறங்கினாள். முத்திரையை அவள் தொடவே இல்லை. கோணியின் முதுகைக் கிழித்தாள். தும்மிக்கொண்டே வெளியே வந்தவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், எதிரே அகோரமூர்த்தி!

"யார் நீர்?"

"பதினேழாம் உறுப்பினரு ஐயா. அந்தச் சட்டத்த நான் ஒத்துக்கல!"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்காலியில் கோணி துவண்டு கிடந்தது; ஈயத்தில் மன்னர் முகம் மின்னியது. "உறுப்பினர் தம் இருக்கையில்தான் இருக்கிறார். ஆள்மாறாட்டக்காரரே, ஓடிப்போம்!"

ஓடினார்கள். ஊர் எல்லையில் முரசறைபவன் கத்திக்கொண்டிருந்தான். பதற்றத்தை விட்டொழித்து நிதானம் கைவரப்பெற்ற பதினேழாம் உறுப்பினர் இன்று முதல் வேளாண் அமைச்சர் ஆகிறாராம்.

மருதாயி அவன் தலையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டாள்.

"பாத்தியாய்யா? நீ உள்ள இருந்த வரைக்கும் பதவி ஏறல."