செக்ரட்டரி ஒட்டிய பழுப்புக் காகிதம்

அடுத்தவன் தொழிலுக்கு யோசனை சொல்வதைப்போல் சுகமான தொழில் உலகத்தில் வேறு இல்லை. முதல் வேண்டாம், கடை வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம். வாய் ஒன்று இருந்தால் போதும். இருபத்திரண்டு வயதில் எனக்கு அது தாராளமாகவே இருந்தது. அந்த வாயால் காஜா பேராங் என்கிற பேட்டையில் நான் ஒருநாள் பட்ட அவமானத்தைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டில் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். அதற்கு நானே சொல்லித் தொலைக்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே துள்ளிக்கொண்டிருந்த வருஷம். வெள்ளைக்காரன் போகிறான், இனிமேல் நாமெல்லாம் முதலாளி என்று பேசாத காப்பிக்கடை இல்லை. நான் ஒரு கம்பெனியில் சின்னக் கிராணி. கடிதங்களைத் தட்டச்சு செய்து, கோப்பில் சொருகி, நாலரை மணிக்கு வீட்டுக்குப் போகிற ஆள். மனசுக்குள் மட்டும் பெரிய தொழிலதிபர். அந்த வேகத்தில் 'இளம் வியாபாரிகள் வட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்து, என்னை நானே செக்ரட்டரியாக நியமித்துக்கொண்டேன். (தலைவர் கிடையாது. இருந்தால் அவர் சொல்வதை நான் கேட்க வேண்டியிருக்குமே!)

எட்டுப் பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. காஜா பேராங், புக்கிட் பாரு, புக்கிட் காதில் என்று ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். பொழுதெல்லாம் உழைக்கிறவர்கள் ஓர் இடத்தில் கூடுவது நடக்காத காரியம். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன் (இதை மட்டும் இன்றும் பெருமையாகச் சொல்வேன்). ஒரு தடித்த நோட்டுப்புத்தகம். தொழிலில் சந்தேகம் வந்தால் அதில் எழுத வேண்டும். அடுத்தவர் படித்துப் பதில் எழுத வேண்டும். அதை வீடு வீடாகக் கொண்டுபோவது ரொட்டி பாய். சைக்கிளின் பின்னால் பெரிய பெட்டியைக் கட்டி, மணியடித்துக்கொண்டு எல்லாத் தெருவிலும் ரொட்டி விற்கிறவர். ரொட்டிக்கு நடுவே எங்கள் நோட்டும் ஊர்வலம் போகும். வாரத்துக்கு இரண்டு முறை என்னிடம் வந்து, என் பார்வை பட்ட பிறகு மறுபடி கிளம்பும்.

முதல் மாதம் பிரமாதமாக நடந்தது. அப்புறம் ஆரம்பித்தது வினை. என் பள்ளிக்கூடத் தோழன் கோவிந்தன் கடலை, பயறு வறுத்துப் பொட்டலம் கட்டி விற்பவன். எண்ணெய் விலையில் ஆரம்பிப்பான், பக்கத்து வீட்டு ஆடு அவன் முருங்கையைத் தின்றதில் முடிப்பான். புக்கிட் பாரு மரியதாஸ் தையல்காரன், அந்தப் பக்கத்து அணிக்குக் கோல்கீப்பர் வேறு. ஊசியைப் பற்றி ஒரு வரி எழுதினால் பந்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதுவான். எனக்கு வயிறு எரிந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் விதி எழுதினேன்: 'தொழில் பேச்சு மட்டும். சினிமா, பந்து, கல்யாணம், ஆடு, மாடு கூடாது.' யார் கேட்டார்கள்? சிவப்புப் பென்சிலால் அடித்தேன். அடித்ததை வெளிச்சத்தில் பிடித்து இன்னும் ஆசையாகப் படித்தார்கள். கடைசியில் கஞ்சிப் பசை காய்ச்சி, பழுப்புக் காகிதத்தை வெட்டி மேலே ஒட்டத் தொடங்கினேன். முழுசாகப் படிப்பதெல்லாம் கிடையாது. 'பந்து' என்று ஒரு சொல் கண்ணில் பட்டால் போதும், பத்தி மொத்தமும் அம்பேல்.

நோட்டு கனத்துப்போயிற்று. "தம்பி, இது புக்கா, கதவா?" என்று பாய் ஒருநாள் கேட்டார்.

வட்டத்தில் ஒரே பெண் சரோஜா. காஜா பேராங்கில் வடை சுட்டுக் கூடையில் தூக்கி விற்பவள். அப்பா அம்மா இல்லை, அண்ணன் லோரி ஓட்டுகிறவர். "பொம்பளப் புள்ள தெருத்தெருவா சுத்தினது போதும். ஜாசின் ரப்பர் எஸ்டேட்டுல அக்காகூட இருந்து பால் மரம் வெட்டு" என்பது அவர் கட்சி. பஸ் நிலையத்துப் பக்கம் காலியாக இருந்த ஒட்டுக்கடையைப் பிடித்து, உட்கார்ந்து விற்க வேண்டும் என்பது இவள் கட்சி. கடைசியில் அண்ணன் ஒரு கெடு வைத்தார். மெர்டேக்காவை முன்னிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜா பேராங் திடலில் கொண்டாட்டம் ஏற்பாடாகியிருந்தது. பந்து இறுதிப்போட்டி, சாக்கு ஓட்டம் எல்லாம் உண்டு. "அன்னிக்கி எரநூறு வடை வித்துக் காட்டு, நானே வந்து கடைய எடுத்துத் தரேன். ஒரு வடை மிஞ்சினாலும் மறுநாளு எஸ்டேட்டு பஸ்" என்றுவிட்டார்.

அவள் இதை நோட்டில் எழுதி யோசனை கேட்டிருந்தாள். நான் இரண்டு பக்கம் யோசனை எழுதினேன். (வாழை இலையில் வைத்துக் கொடுத்தால் மக்களுக்கு மரியாதை தோன்றும் என்பதெல்லாம் அதில் அடக்கம்.)

சனிக்கிழமை காலை நோட்டு என்னிடம் வந்தது. மரியதாஸ் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான். முதல் வரி: 'நாளைக்கு ஃபைனல்! பந்து பிடிக்கக் கை துடிக்குது!' எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், அவனுக்கென்று இரண்டு காகிதம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். கீழே, 'நாளை மூன்று மணி, காஜா பேராங் திடல். சிந்தனை சிதறக்கூடாது' என்று எழுதி அனுப்பினேன்.

ஞாயிறு மத்தியானம் கோவிந்தன் வந்தான்.

"டேய், போலா மேட்ச வேற எங்கயோ மாத்திட்டதா பசார்ல பேசிக்கிட்டாங்கடா."

"போலா எங்க நடந்தா உனக்கென்ன? நீ பந்து விக்கிறியா, கடலை விக்கிறியா?"

அவன் பாவம், கடலைப் பொட்டலம் கட்டக் கிளம்பிவிட்டான்.

மூன்று மணிக்குத் திடலில் நாங்கள் மூவரும் நின்றோம். நான் முழுக்கால்சட்டை, டை, பளபளவென்று சப்பாத்து. கோவிந்தன் தலையில் கடலைத் தட்டு. சரோஜா இரண்டு பெரிய கூடை வடையை மூன்று சக்கரப் பெச்சாவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கி, வண்டியை அனுப்பிவிட்டாள். மூன்று நாள் மழையில் திடல் குளமாகக் கிடந்தது. நடுவில் ஒரு மாடு நின்று எங்களைப் பார்த்தது.

"சனங்க கொஞ்சம் லேட்டாத்தான் வருவாங்க" என்றேன்.

"மாடு மட்டும் டயத்துக்கு வந்துருச்சு" என்றாள் சரோஜா.

மூன்றே முக்காலுக்கு மணிச்சத்தம் கேட்டது. ரொட்டி பாய். பெட்டி காலி, முகம் நிறையச் சிரிப்பு.

"அட, இங்கன என்ன பண்றீங்க? ஊரே புக்கிட் பாருல நிக்குது! ரெண்டு தடவ ரொட்டி எடுத்துட்டுப் போயி வித்தாச்சு நானு."

"யாரு சொன்னாங்க பாய்?" என்றேன்.

"மரியதாஸ் தம்பிதான் உங்க புக்குல எழுதியிருந்துச்சே. உங்ககிட்ட கொண்டு வர்ற வழியிலதான் நான் எல்லாத்தையும் படிச்சிருவேனே."

சரோஜா கூடையிலிருந்து நோட்டை எடுத்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்து இரண்டு காகிதத்தையும் உரித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். "காஜா பேராங் பாடாங்குல தண்ணி நிக்கிறதால எல்லாத்தையும் புக்கிட் பாரு பாடாங்குக்கு மாத்திட்டாங்க. சாமான அங்க கொண்டு வாங்க. சரோஜா, கோல் கம்பத்துக்குப் பக்கத்துல உனக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

கோவிந்தன் சும்மா இருக்காமல் இன்னொரு காகிதத்தை உரித்தான். அவனுடைய ஆட்டுக் கதையோடு சேர்த்து, படிக்காமலே நான் ஒட்டி மறைத்திருந்த இடம். அங்கே சரோஜாவின் எழுத்து: 'செக்ரட்டரி இதுவரைக்கும் எதையாவது வித்திருக்காரா? தெரிஞ்சவங்க சொல்லவும்.' கீழே வரிசையாகப் பதில்கள். 'இல்லை.' 'இல்லை.' 'கேள்விப்பட்டதில்லை.' கடைசியில் கோணல் கையெழுத்தில், 'இல்லை. இப்படிக்கு, ரொட்டி பாய்.'

பாய் அவசரமாக மணியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். கண் கலங்கி, "அண்ணன் ஆறு மணிக்கு வந்துருவாரு" என்று மட்டும் சொன்னாள். வெட்கத்தில் செத்துப்போகலாம் போல் இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பை ஒரு கரண்டி கஞ்சிப் பசையால் ஒட்டி மூடியிருக்கிறேன் நான், பெரிய செக்ரட்டரி!

"நின்னுக்கிட்டே அழுவாதீங்க, தூக்குங்க!" என்று பாய் அதட்டினார். ஒரு கூடை அவர் பெட்டிக்குள் போனது. இன்னொன்று என் தலைக்கு வந்தது. இரண்டு மைல் தூரம். முதல் மைலிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். கூடையிலிருந்து எண்ணெய் வழிந்து காதோரம் இறங்கி டை வழியாக வயிற்றுக்குப் போனது. பின்னால் கோவிந்தன், "டேய், சிந்தனை சிதறக்கூடாதுடா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

புக்கிட் பாரு திடலில் அப்படி ஒரு கூட்டம்! ஆட்டத்தின் இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், மரியதாஸ் கயிறு கட்டிப் பிடித்து வைத்திருந்த இடத்தில் கூடையை இறக்கினோம். கூவிப் பழக்கமில்லாத என் வாயிலிருந்து வந்தது இது: "மதிப்பிற்குரிய பொதுமக்களே, இத்தால் யாவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்..."

"கடுதாசியா படிக்கிறீங்க? கூவுங்க!" என்று சரோஜா விலாவில் இடித்தாள்.

"வடே! சூடான வடே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒருவர் தொட்டுப் பார்த்து, "சில்லுன்னு இருக்கு!" என்றார்.

"மூணு மணிக்கு சூடாத்தாங்க இருந்துச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் வாங்கினார்கள். என்ன கூத்து என்று மரியதாஸ் திரும்பிப் பார்த்தான். எண்ணெய் வழியும் தலையோடு டை கட்டி வடை விற்கும் என்னைக் கண்டு வாயைப் பிளந்த அந்த நொடியில் பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போய்விட்டது. புக்கிட் பாரு தோற்றது. தோற்ற துக்கத்தில் அவன் ஆட்கள் அறுபது வடை தின்றார்கள். (மரியதாஸ் சாகும்வரை என்னை மன்னிக்கவில்லை. வடை நன்றாக இருந்தது என்று மட்டும் ஒத்துக்கொண்டான்.)

ஆறு மணிக்கு அண்ணன் வந்து நின்றார். கூடைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். இரண்டாவது கூடையின் அடியிலிருந்து ஒரே ஒரு வடை உருண்டு விழுந்தது. சரோஜாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. வடையைப் பொறுக்கி முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, சட்டைப்பையில் இருந்த காசை அவள் கையில் திணித்தேன்.

"யாரு இந்த ஆளு?" என்றார் அண்ணன்.

"கடைசி கிராக்கிண்ணே" என்றாள் சரோஜா.

எனக்கு விக்கலெடுத்து, பாய் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் வார்த்தை தவறாத மனிதர். அந்த வாரமே கடை கைக்கு வந்தது. வட்டத்தின் செக்ரட்டரி பதவியும் கையோடு சரோஜாவுக்குப் போனது. ஆடு, மாடு, பந்து, கல்யாணம் எல்லாம் நோட்டில் தாராளமாகப் புரண்டன. அந்தக் கல்யாணப் பேச்சில் ஒன்று எங்களுடையது. பெண் கேட்டுப் போனபோது அண்ணன் என் அப்பாவிடம் கேட்ட ஒரே கேள்வி, "டை கட்டிக்கிட்டு வடை முழுங்கின ஆளா?" என்பதுதான்.

இப்போது எங்கள் பேத்தி கைப்பேசியில் ஒரு குழு நடத்துகிறாள். புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்காம், நூற்றுக்கணக்கில் இருக்கிறார்களாம். ஆரம்பித்த அன்று என்னென்ன விதி போடலாம் என்று ஓடிவந்து கேட்டாள். என்னிடம் அல்ல, அவள் பாட்டியிடம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். சரோஜா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"யாரு என்ன வேணும்னாலும் பேசட்டும்மா. ஒரே ஒரு ரூல்தான், ஒங்க தாத்தாவ உள்ள விட்டுறாத."

நான் இன்னும் வெளியில்தான் இருக்கிறேன்.