தராசு அண்ணன் சுமந்த மூட்டை

திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு எத்தனையோ கிறுக்கர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் ரயில்வேயே சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஒரே கிறுக்கர் தராசு அண்ணன்தான்.

பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. கையில் எது கிடைத்தாலும் எடை பார்க்காமல் விடமாட்டார். மெஸ்ஸில் இட்லியை உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்து, நேற்றைவிட இளைத்திருக்கிறது என்று சண்டைக்குப் போவார். அவருடைய சொந்தப் பெயர் மேலதிகாரிக்கே மறந்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். முனுசாமி தாலுகா ஆபீஸில். மூன்று பேருக்கும் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரே அறை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தராசு அண்ணன் அறிவித்தார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஊத்துக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறோம். ஆரணியாற்றைப் பிடித்துக்கொண்டே நாகலாபுரம் மலைக்காட்டுக்குள் நடக்கிறோம். ராத்திரி காட்டில் தங்கல். மறுநாள் வேறொரு காட்டாற்றின் வழியே இறங்கி, கிளம்பிய இடத்துக்கே வருகிறோம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஸ்காரர் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா வேண்டுதல்பா?"

"வேண்டுதல்லாம் இல்ல. சும்மா."

"கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு இன்னாத்துக்குப் போவணும்? இங்கியே குந்திக்கினு இருக்கலாமே."

நியாயமான கேள்விதான். ஆனால் என் கவலை வேறு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. பள்ளிக்கூடச் சுற்றுலா, சொந்தக்காரர்களின் திருப்பதி நடை, எதுவானாலும் வழியனுப்பி வைப்பதுதான் என் வேலை. இந்த ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நடுக்காட்டில் இழுத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று முனுசாமி கேட்டதிலும் தப்பில்லை. தராசு அண்ணன் என்னைப் பார்சல் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினார். எடையைப் பார்த்தார். சரி வா என்றார். ஒரு மனுஷனைக் காட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று கத்தரிக்காய் மாதிரி நிறுத்தா முடிவு செய்வார்கள்?

அப்புறம் ஆரம்பித்தது அட்டூழியம். பை கனக்கும் என்று என் பல் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தார். சோப்பைப் பாதியாக வெட்டினார். முனுசாமியின் போர்வைக் குஞ்சத்தைக் கத்தரித்தபோது அவன் அழாத குறை. எங்களை இப்படி வதைத்துவிட்டு, அவர் மட்டும் தினமும் சாயங்காலம் ஒரு மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மெட்ராஸ் வண்டிக்கு நின்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். இந்த மனுஷனுக்கு என்ன தண்டனை என்று ஒரு அம்மாள் ஸ்டேஷன் மாஸ்டரிடமே கேட்டுவிட்டாள்.

ஒருவழியாகக் கிளம்பினோம். முதல் நாள் ஆற்றோரம் ராஜா மாதிரி நடந்தேன். மறுநாள், அடுத்த ஆற்றுப் பக்கம் போக ஒரு மேடு ஏறவேண்டியிருந்தது. பாதியில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. மாத்திரை போட்டு வெகுநேரம் பாறையில் உட்கார்ந்தும் நாலடி வைத்தால் மூச்சு இரைத்தது. முனுசாமியின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பயத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. திரும்பிவிடலாம் என்று நானே சொன்னேன்.

தராசு அண்ணன் தன் பையை முனுசாமியிடம் தள்ளிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறு நைனா."

"வேணாண்ணே. நான் கனமா இருப்பேன்."

"உன் கனம் எனக்குத் தெரியாதா? அதுக்கு மேலயே மணல் போட்டுத்தான் டெய்லி தூக்கிக்கினு நடந்தேன். பேஜாரு பண்ணாம ஏறு."

முதுகில் ஏறிக்கொண்டேன். ஊரே வேடிக்கை பார்த்த அந்த மூட்டை நான்தான்.

மேட்டின் உச்சியில் நின்று, கீழே வெயிலில் மினுங்கிய இன்னொரு ஆற்றைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கண் நிறைந்துவிட்டதால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஏன் விசும்புகிறாய் என்று கேட்டார். இழுப்பு அண்ணே என்று சொல்லிவிட்டு, அவர் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.