பதினேழு இன்ச் மாசிலாமணி

ஒரு காட்டில் ஒரு கரடியும் ஒரு சின்ன காரும் இருந்தன. இரண்டில் எது பழையது என்பது காட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கரடியின் பெயர் மாசிலாமணி. மலைமேல் இருக்கிற விலங்குகளை அடிவாரத்துச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் விடுவது அதன் பிழைப்பு. கார் பழசுதான், ஆனால் அலுங்காமல் போகும். முட்டையோடு ஏறிய காடைகள் முட்டையோடே இறங்கின.

மாசிலாமணியின் நிம்மதி ஒரு கல்யாணத்தில் கெட்டது. சிறுத்தை ஒன்று பெரிய சக்கரம் வைத்த புது வண்டியில் வந்து இறங்கியது. மண்டபத்துக் குரங்கு அதற்கு வணக்கம் போட்டு வாசலிலேயே இடம் காட்டியது. அடுத்து வந்த மாசிலாமணியைப் பார்த்து, "சமையல் ஆளுங்க வண்டியெல்லாம் பின்பக்கம்ணே" என்றது.

அன்றைக்கு மாசிலாமணி பாயசத்தை இரண்டு தடவைதான் வாங்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பூவாத்தாளிடம், "நம்ம வண்டிக்குப் பெரிய சக்கரம் போடப்போறேன்" என்றது.

"குறைச்சல் வண்டிக்கா, உங்களுக்கா?"

மாசிலாமணிக்குப் பதில் தெரியும். அதனால் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

மறுநாள் மெக்கானிக் ஓணானிடம் போனது. "பதினாலு இன்ச்சைக் கழட்டிட்டுப் பதினேழு போட்டா எஞ்சின் இழுக்குமா?" ஓணான் தலையாட்டியது. "குலுங்காதே?" தலையாட்டியது. "எனக்கு எடுப்பா இருக்குமா?" அதற்கும் ஆட்டியது. ஓணான் எதற்கும் தலையாட்டும் என்று மாசிலாமணிக்குத் தெரியாதா என்ன? நமக்குப் பிடித்ததற்கு ஒருவர் தலையாட்டும்போது அதையெல்லாம் யாரும் யோசிப்பதில்லை.

சக்கரம் மாட்டியதும் கார், அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும் குழந்தை மாதிரி இருந்தது. மாசிலாமணி கண்ணுக்கு மட்டும் அது சிங்கமாகத் தெரிந்தது.

முதல் சவாரிக்குக் காட்டெருமை வாத்தியார் தணிகாசலம் வந்தார். கல்லடைப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடித்தார்.

"கல்லு நடுவழியில மாட்டிக்கிச்சு மாசிலாமணி. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு விடுப்பா!"

"ஏறுங்க சார். புதுச் சக்கரம். பறந்துடலாம்."

வண்டி பறக்கவில்லை. கனத்த சக்கரத்தைச் சுற்றுவதற்கே பழைய எஞ்சினுக்கு மூச்சு முட்டியது. ஏற்றத்தில் முன்னால் போன ஆமை ஒதுங்கி வழிவிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, திரும்பவும் தானே முன்னால் போனது.

இறக்கத்தில் வேறு கூத்து. ஒவ்வொரு வளைவிலும் டயர் மட்கார்டில் உரசி 'கர்ர்' என்றது. ஒரு கூழாங்கல்லில் ஏறியதற்கே வாத்தியார் கூரையில் முட்டிக்கொண்டார்.

"என்னப்பா இது!"

"சக்கரம் பெருசானதுல சுத்தியிருக்கிற ரப்பர் வளையல் மாதிரி ஒல்லியாயிடுச்சு சார். முன்னெல்லாம் மேடு பள்ளத்தை டயர் வாங்கிக்கும். இப்ப நாமதான் வாங்கிக்கணும்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்பதான் சார். மூணாவது பள்ளத்துல."

வாத்தியார் அலறினார். ஒரு குரங்கின் வணக்கத்துக்கு ஆசைப்பட்டு ஒரு நல்ல மனுஷனைக் கொன்றுவிடுவோமோ என்று மாசிலாமணி பயந்தது. 'காட்டெருமையைப் போய் மனுஷன் என்கிறேனே, புத்தியும் போய்விட்டது' என்று தன்னையே திட்டிக்கொண்டது. அடிவாரத்துக்குச் சற்று மேலே பெரிய பள்ளம் ஒன்று வாய் பிளந்து கிடந்தது. பிரேக்கை மிதித்தது. எப்போதும் நிற்கும் இடத்தில் கார் நிற்கவில்லை. தடால்!

உள்ளே சத்தமே இல்லை.

"சார்... இருக்கீங்களா?"

"கதவைத் திற!" என்ற வாத்தியார் புதருக்குப் பின்னால் ஓடினார். வெகு நேரம் கழித்து, முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். "விழுந்துடுச்சுப்பா! கல்லு விழுந்துடுச்சு! நீ டிரைவர் இல்ல, டாக்டர்!"

"சார், இது என் திமிரால வந்தது. நாளைக்கே பழைய சக்கரத்தை மாட்டிடுறேன்."

"மாட்டித்தான் பாரேன்!" என்றார் வாத்தியார், கொம்பைத் தாழ்த்தி.

விடிந்ததும் மாசிலாமணி வீட்டு வாசலில் காட்டுப்பன்றியும் கடமானும் முள்ளம்பன்றியும் இடுப்பைப் பிடித்தபடி வரிசையில் நின்றன. மாசிலாமணியால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொரு கல்லாக விழ விழ, அதன் முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாகக் கழன்றது.

ஒரு நாள் சாலை போடும் பெருச்சாளிகள் தாரும் ஜல்லியுமாக அந்தப் பெரிய பள்ளத்தை மூட வந்தன. காடே திரண்டு பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. இடுப்பில் பெல்ட் கட்டிய மாசிலாமணியைத் தூக்கி நடுவில் உட்கார வைத்தன. எழுந்திருக்கவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், அது முதல் கோஷத்தை எடுத்துக் கொடுத்தது:

"மூடாதே! மூடாதே! எங்கள் பள்ளத்தை மூடாதே!"

நீதி: செய்த முட்டாள்தனத்தை அவசரப்பட்டுத் திருத்திக்கொள்ளாதீர்கள். அதனால் யாருக்காவது கல் விழலாம்.